மாமல்லன் யார்? மணிமங்கலத்தில் போர்க்களம், மாமல்லபுரத்தில் பெயர்!

ஹரியானா மாநிலம் பானிபட்டுக்குப் போனால் போர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1761-ல் நடந்த மூன்றாம் பானிபட் போரின் நினைவாக 'காலா ஆம்ப்' என்ற பூங்காவும் இருக்கிறது. பெல்ஜியத்தின் வாட்டர்லூவில் போர்க்களத்தின் நடுவே ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பி, உச்சியில் சிங்கச் சிலை வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று படியேறி, எந்தப் படை எந்தப் பக்கம் நின்றது என்று பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

நம்ம ஊரில் அப்படி ஒன்று உண்டா?

தென்னிந்திய வரலாற்றைத் திருப்பிப் போட்ட ஒரு போர், தாம்பரத்திலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் நடந்தது. ஊர் பெயர் மணிமங்கலம். அந்தப் போரில் வென்றவரின் பட்டப்பெயரைத்தான் மாமல்லபுரம் இன்றுவரை சுமக்கிறது. கடற்கரைக்குப் போய் ஐந்து ரதத்தின் முன்னால் செல்ஃபி எடுக்கிறோம். ஆனால், மாமல்லன் யார் என்று பிள்ளைகள் கேட்டால், பல வீடுகளில் கல்கியின் நாவலைத் தாண்டிப் பதில் வருவதில்லை.

சரி, யார் இந்த மாமல்லன்? அவரது வாழ்க்கையை, அது நடந்த இடங்களின் வழியாகவே பார்ப்போம்.

தோல்வியில் தொடங்கிய கதை

மாமல்லனின் இயற்பெயர் நரசிம்மவர்மன். பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் மகன், சிம்மவிஷ்ணுவின் பேரன். மகேந்திரவர்மன் சாதாரண ஆள் கிடையாது. செங்கல்லும் மரமும் சுதையும் உலோகமும் இல்லாமல் பாறையைக் குடைந்தே கோயில் எடுத்தவர். 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவர். 'விசித்திரசித்தன்' என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டவர்.

அப்படிப்பட்டவரின் ஆட்சிக்கு வடமேற்கிலிருந்து ஆபத்து வந்தது. இன்றைய கர்நாடகத்தின் பாதாமிதான் அன்றைய வாதாபி. அங்கிருந்து ஆண்ட சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, வட இந்தியாவின் பேரரசர் ஹர்ஷரையே நர்மதைக்கரையில் தடுத்து நிறுத்தியவர். அவரது படை பல்லவ நாட்டுக்குள் புகுந்து காஞ்சிபுரம் வரை வந்தது.

என்ன நடந்தது என்பதற்கு இரண்டு தரப்புச் சாட்சியங்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஐஹொளே மேகுடி சமணக் கோயிலில் ரவிகீர்த்தி என்ற கவிஞர் எழுதிய கல்வெட்டு 634-35-ஐச் சேர்ந்தது. சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவனின் பெருமை மங்கிப்போனதாகவும், அவன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குள் ஒளிந்துகொண்டதாகவும் அது சொல்கிறது. பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் எதிரிகளை முறியடித்தார் என்கிறது.

ரெண்டில் எது உண்மை? இரண்டிலும் பாதி என்று எடுத்துக்கொள்ளலாம். காஞ்சி விழவில்லை. ஆனால், பல்லவ நாட்டின் வடபகுதி, அதாவது கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்து வளமான நிலம், சாளுக்கியர் கைக்குப் போனது. புலிகேசியின் தம்பி விஷ்ணுவர்தனன் அங்கே தனி அரசே தொடங்கினார். 630-ஐ ஒட்டி நரசிம்மவர்மன் அரியணை ஏறியபோது அப்பாவிடமிருந்து அவருக்குக் கிடைத்தவை குடைவரைகளும் கலை ஆர்வமும் மட்டும் இல்லை. தீர்க்கப்படாத ஒரு கணக்கும்தான். ஐஹொளே கல்வெட்டு வெட்டப்பட்டபோது அரியணையில் இருந்தது மகனே. அப்பாவின் அவமானம் எதிரி நாட்டுக் கோயில் சுவரில் கவிதையாக நின்றிருந்த காலம் அது.

அவர் காலத்துக் காஞ்சி

640-ஐ ஒட்டி, சீன யாத்ரீகர் யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும், அவற்றில் சுமார் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக அவரது பயணக் குறிப்பு சொல்கிறது. இந்துக் கோயில்களும் சமணர்களும் உண்டு. மண் வளமானது, மக்கள் தைரியசாலிகள், வாக்குத் தவறாதவர்கள், படிப்புக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் என்பது அவர் பதிவு.

அதே அரண்மனையில் இன்னொரு விருந்தாளியும் இருந்தார். நாட்டை இழந்து இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்த இளவரசர் மானவர்மன். இலங்கையின் 'சூளவம்சம்' இவர்கள் இருவரின் நட்பை விரிவாகச் சொல்கிறது. ஒருமுறை இருவரும் யானைமேல் போகும்போது நரசிம்மவர்மன் இளநீர் குடித்துவிட்டு மீதியை நண்பரிடம் நீட்ட, மானவர்மன் அதைத் தயங்காமல் குடித்தாராம். அடைக்கலம் வந்தவர் தன் எச்சிலைக் குடித்தார் என்று யாரும் தாழ்வாக நினைத்துவிடக் கூடாதே என்று, நரசிம்மவர்மன் அதை வாங்கி மறுபடி ஒரு வாய் குடித்தாராம். பல்லவர் செப்பேட்டில் பார்க்க முடியாத ஒரு மனிதரை இந்தச் சின்னக் கதை காட்டுகிறது.

சாளுக்கியப் போரில் மானவர்மனும் நரசிம்மவர்மனோடு சேர்ந்து சண்டையிட்டார் என்கிறது சூளவம்சம். பின்னால் பல்லவக் கப்பற்படையின் உதவியுடன்தான் அவர் அனுராதபுரத்தில் ஆட்சியைப் பிடித்தார். அதாவது, மாமல்லபுரத்துக் கடல் அப்போது சுற்றுலாக் கடல் இல்லை, படை புறப்பட்ட பல்லவக் கடல்.

மணிமங்கலத்தில் என்ன நடந்தது?

புலிகேசி இரண்டாவது தடவையும் படையெடுத்து வந்தார். முதலில் ராயலசீமைப் பகுதியில் பல்லவர்களுக்கு அடங்கி ஆண்ட பாணர்களைத் தாக்கினார். பிறகு காஞ்சியை நோக்கித் திரும்பினார்.

இந்த முறை பல்லவப் படை கோட்டைக்குள் காத்திருக்கவில்லை. வெளியே வந்து மோதியது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என மூன்று களங்களின் பெயர்களைச் செப்பேடுகள் தருகின்றன. காஞ்சிபுரம் அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடு, நரசிம்மவர்மனின் பேரன் பரமேஸ்வரவர்மன் வெளியிட்டது. புலிகேசி புறமுதுகு காட்டி ஓட, அந்த முதுகையே ஏடாக வைத்து அதில் வெற்றி என்ற சொல்லை நரசிம்மவர்மன் எழுதியதாக அது வருணிக்கிறது. தோற்றவருக்கு இதைவிடக் கூர்மையான அவமானம் வேண்டுமா?

மூன்று களங்களில் நாம் இன்றும் அடையாளம் கண்டு போகக்கூடிய ஊர் மணிமங்கலம். ஒரு காலத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகரிலிருந்து இவ்வளவு பக்கத்தில் போர் நடந்திருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லும். மணிமங்கலத்தில் தோற்றிருந்தால் அடுத்தது காஞ்சிதான்.

ஊரில் போர் நினைவுச்சின்னம் ஒன்றும் கிடையாது. பெரிய ஏரி இருக்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் இருக்கிறது. யானையின் பின்புறம் போல வளைந்த விமானம் கொண்ட தர்மேஸ்வரர் கோயில் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மணிமங்கலக் கோயில் சுவர்களிலும் சாளுக்கியப் போர் இருக்கிறது. ஆனால் அது வேறு சாளுக்கியர், வேறு போர். ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகிய சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் அங்கே உண்டு. கொப்பத்திலும் கூடல்சங்கமத்திலும் நடந்த சண்டைகளை அவை பேசுகின்றன. 400 ஆண்டுகள் கழித்து, எங்கோ வடக்கே துங்கபத்திரைப் பக்கம் நடந்த போர்கள் அவை. மணிமங்கலத்து மண்ணிலேயே நடந்த போரைத் தெரிந்துகொள்ள, கூரத்துச் செப்பேட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வாதாபி வரை

எதிரியை விரட்டியதோடு நரசிம்மவர்மன் நிறுத்தவில்லை. படை வாதாபிக்கே போனது. காஞ்சியிலிருந்து பாதாமி இன்றைய சாலையில் 600 கிலோமீட்டருக்கு மேல். யானை, குதிரை, தானிய மூட்டை, காயம்பட்டவர்கள் என எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஆறு, மலை தாண்டிப் போனால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

642-ல் வாதாபி விழுந்தது. புலிகேசி அந்தப் போரில் இறந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான முடிவு. பாதாமியில் ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. சிதைந்துபோன அந்த எழுத்துகள் அவரது பெயரையும் 13-வது ஆட்சி ஆண்டையும் தருவதாகப் படித்திருக்கிறார்கள். அதன்பிறகு அவருக்கு 'வாதாபிகொண்டான்' என்ற பட்டம் நிலைத்தது. வாதாபி என்ற அசுரனை அகத்தியர் அழித்த புராணக் கதையோடு சேர்த்துப் பல்லவச் செப்பேடுகள் அவரைப் புகழ்கின்றன.

சுமார் 13 ஆண்டுகள் சாளுக்கியத் தலைநகரம் தலையெடுக்கவில்லை. புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் 655-ஐ ஒட்டித்தான் அதை மீட்டார்.

பரஞ்சோதியும் சிவகாமியும்: எது வரலாறு?

'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். சிவகாமி எங்கே? நாகநந்தி எங்கே?

1940-களில் கல்கி தொடராக எழுதிய அந்த நாவல்தான் மாமல்லனைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் ஆயனர், சிவகாமி, அவளது சபதம், நாகநந்தி அடிகள் எல்லாம் ஆசிரியரின் கற்பனை. ஒரு பெண்ணின் சபதத்துக்காக வாதாபி எரிந்தது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை. போருக்குக் காரணம், ஏற்கெனவே பார்த்ததுதான்: இழந்த நிலமும் அப்பா காலத்து அவமானமும்.

தளபதி பரஞ்சோதி கதை வேறு. அவர் பெரியபுராணத்தில் வருகிறார். திருச்செங்காட்டங்குடியைச் சேர்ந்த அவர், மன்னனுக்காக வாதாபியை அழித்து, யானைகளும் பொன்னும் மணியும் கொண்டுவந்தார் என்கிறார் சேக்கிழார். அவர் சிவனடியார் என்று தெரிந்ததும், இப்படிப்பட்டவரைப் போருக்கு அனுப்பிவிட்டோமே என்று மன்னன் வருந்தி, பரிசுகள் கொடுத்துப் பணியிலிருந்து விடுவித்தானாம். அதன்பின் அவர்தான் சிறுத்தொண்ட நாயனார். பெரியபுராணம் 12-ம் நூற்றாண்டு நூல். ஆனால் திருச்செங்காட்டங்குடி பற்றிய தேவாரத்தில் திருஞானசம்பந்தரே சிறுத்தொண்டரைக் குறிப்பிடுகிறார். சம்பந்தரின் காலத்தை 7-ம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்க உதவிய முக்கியமான சான்றுகளில் இதுவும் ஒன்று.

வாதாபியிலிருந்து பரஞ்சோதி கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் வாதாபி கணபதி பிற்கால நம்பிக்கை. பல்லவர் சான்றுகளில் அது இல்லை.

கடற்கரையில் அவர் விட்டுச் சென்றது

'மாமல்லன்' என்றால் பெரிய மல்லன், மற்போரில் வல்லவன். அந்தப் பெயரால் வந்ததே மாமல்லபுரம். மகாபலிபுரம் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட வழக்கு.

அங்கே இருக்கும் எல்லாமே அவர் செய்ததில்லை. கடற்கரைக் கோயில் அவருக்குப் பின் வந்த ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. ஐந்து ரதங்களையும் பல குடைவரைகளையும் முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எல்லாமே ராஜசிம்மன் காலத்தவைதான் என்று வாதிட்ட தொல்லியல் அறிஞர்களும் உண்டு. தர்மராஜ ரதத்தில் வெட்டப்பட்ட பட்டப்பெயர்களில் ஸ்ரீநரசிம்மன் என்ற பெயரும் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரதங்கள் எதுவும் முழுமையாக முடிக்கப்படவில்லை. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதால், உச்சி நுணுக்கமாகவும் அடிப்பகுதி கரடாகவும் நிற்கும். ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட அர்ச்சுனன் தபசுப் பாறையில் முனிவர், யானைக்கூட்டம், மான், பூனை எல்லாம் உண்டு. ஒரு போர்க்காட்சி கிடையாது. பல்லவர் காலத்தின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்றவரின் பெயரில் இருக்கும் ஊரில், கல்லில் அதிகம் தென்படுவது போர் இல்லை, வாழ்க்கைதான். 1984-ல் யுனெஸ்கோ இந்தச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

668-ஐ ஒட்டி நரசிம்மவர்மன் இறந்தார். மகன் இரண்டாம் மகேந்திரவர்மன் சில ஆண்டுகளே ஆண்டார். அடுத்து வந்த பேரன் பரமேஸ்வரவர்மன்தான், தாத்தாவின் வெற்றியைக் கூரம் செப்பேட்டில் பதிய வைத்தவர்.

இப்போது எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஒரே கட்டடத்துக்குள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அருங்காட்சியகம் இல்லை. ஆனால் இரண்டு நாள் ஒதுக்கினால், நாமே ஒரு அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்த மாதிரி பார்த்துவிடலாம்.

* மாமல்லபுரம்: ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, ஆதிவராகர் குடைவரை. ஆதிவராகர் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்களோடு அரச உருவங்கள் உள்ளன. அவை நரசிம்மவர்மனின் தாத்தாவும் அப்பாவும் என்று பலர் கருதுகிறார்கள்.

* திருக்கழுக்குன்றம்: மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் வழியில் இருக்கிறது. மலையில் பல்லவர் குடைவரை உண்டு. முதலாம் ஆதித்த சோழனின் 27-வது ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இந்த ஊருக்குரியது. ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையரும் தொடர்ந்து காத்துவந்ததை நினைவூட்டி, ஆதித்தனும் அதை உறுதி செய்கிறான். வம்சமே மாறிய பிறகும், 200 ஆண்டு தாண்டியும், அவர் காத்த ஒரு தானம் மதிக்கப்பட்டிருக்கிறது.

* மணிமங்கலம்: தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போகலாம். தர்மேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

* புள்ளலூர்: காஞ்சிபுரம் அருகே இருக்கிறது. மகேந்திரவர்மன் போரிட்ட இதே ஊரில்தான் 1780-ல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை நொறுக்கினார்கள். 1781-ல் மறுபடி சண்டை. அதில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அங்கே நினைவுத் தூண்கள் நிற்கின்றன.

* காஞ்சி கைலாசநாதர் கோயில்: இந்தக் கதையின் கடைசிப் பக்கம் இங்கேதான் இருக்கிறது.

பழி எங்கே முடிந்தது?

வாதாபியின் வீழ்ச்சியோடு சண்டை முடிந்துவிடவில்லை. விக்கிரமாதித்தன் பல்லவ நாட்டுக்குள் புகுந்து, 674-ல் உறையூர் வரை வந்து முகாமிட்டார். பரமேஸ்வரவர்மன் அவரைப் பெருவளநல்லூரில் தோற்கடித்தார். அவர் கந்தலைச் சுற்றிக்கொண்டு தனியாக ஓடினார் என்று பல்லவச் செப்பேடு எழுதியது. அப்பாவுக்காக மகன், தாத்தாவுக்காகப் பேரன் என்று மூன்று தலைமுறைக்கு மேல் இது நீண்டது. ஒவ்வொரு தரப்பும் தன் வெற்றியைக் கல்லிலும் செம்பிலும் எழுதியது. களத்தில் விழுந்த காலாட்படைக்காரர் ஒருவரின் பெயரைக்கூட இந்த வெற்றிக் கவிதைகள் சொல்லவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் இன்னொரு சாளுக்கிய அரசன், இரண்டாம் விக்கிரமாதித்தன், காஞ்சியைப் பிடித்தார். நூறு ஆண்டுக்கு முன் தன் தலைநகருக்கு நடந்ததைத் திருப்பிச் செய்ய அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் செய்யவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு, அதே கோயிலின் தூண் ஒன்றில் இன்றும் இருக்கிறது. அவர் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலில், பல்லவக் கட்டடக் கலையின் சாயல் அப்படியே தெரியும்.

மாமல்லன் பெரிய வீரர்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், அவர் கதையை வாதாபிப் பாறையில் நிறுத்திவிட்டால் பாதிதான் தெரியும். வென்றவர் கல்லையும் தோற்றவர் கல்லையும் சேர்த்துப் படித்து, காஞ்சித் தூணுக்கும் வந்து சேர்ந்தால்தான் முழுக் கதை.

பானிபட் போல பூங்கா வேண்டாம், வாட்டர்லூ போல குன்றும் வேண்டாம். சென்னைப் புறநகர் வேகமாக மணிமங்கலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. வயல்கள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. ஏரிக்கரையில் ஒரே ஒரு தகவல் பலகை வைத்து, அதில் இரண்டு நாட்டுப் படைகளும் இங்கே மோதின என்று நாலு வரி எழுதினால்கூடப் போதும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவர் அதைப் படித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போனால், அந்தப் பெயர் அவருக்கு வேறு மாதிரி ஒலிக்கும்.